சாவிக்கு இன்னும் நான்கு நாள்

வாங்கிய நுழைவுச்சீட்டு வீணாகக் கூடாதென்று
மழையோடு கிளம்பினோம், 138-இல்.

மண்டாயில்
பாறையென்று நான் கைப்பை வைக்கப் போனது
மெல்லக் கழுத்தை நீட்டியது.

"இருநூறு கிலோவுக்கு மேல்," என்றார் பராமரிப்பாளர் ஹுய் மின்.
"வயது தெரியாது. நூறு இருக்கலாம்."
கங்கோங் தண்டொன்றை நீட்டினார்.
அது வாய் திறப்பதற்குள்
முகிலன்
இரண்டு மின்னஞ்சலுக்குப் பதில் போட்டுவிட்டான்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது.
எங்கள் இருவருக்கும் தெரியும்.
இருவரும் சொல்லவில்லை.

பொங்கோலில் பன்னிரண்டாம் மாடி.
தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை,
இருபத்தைந்து ஆண்டுக் கடன்.
நேற்றிரவு தரை ஓட்டின் நிறத்துக்காகச் சண்டை போட்டு
ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்தோம்.

இதன் ஓட்டுப் பள்ளத்தில் மழைநீர்.
மைனா ஒன்று இறங்கிக் குடித்துவிட்டுப் போனது.
வீட்டுக்காரர் கண்டுகொள்ளவில்லை.

"இது சாம்பலா, பழுப்பா?" என்றான் முகிலன்,
காலையிலிருந்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

ஹுய் மின் தலையசைத்ததும் தொட்டேன்.
ஈரம். சொரசொரப்பு.
அடியில் எங்கோ, வெகு தாமதமாக,
ஒரு மூச்சு.

"இந்த நிறமே போடலாம்," என்றேன்.

அந்தத் தண்டு
இன்னும் பாதிகூட முடியவில்லை.