மல்லாவியில் ஒரு காதுச் சோதினை

போட்டோக்கொப்பி மெஷினை நிப்பாட்டி
ஷட்டரை அரைவாசி இறக்கி
கடைசிப் பாஸ்போட் படத்துக்குக் காசு வாங்கின பிறகுதான்
எனக்கு இரவு தொடங்கும்.

முப்பத்தஞ்சு டொலர். மச்சாளின்ர காட்.
அங்கையிருந்து அவள் கேட்டாள்:
பாட்டுக் கேக்க ஒரு மென்பொருளோ?
கொம்பியூட்டரில ஒண்டு சும்மா கிடக்குதெல்லோ?

கிடக்குது.
அந்த நாளைய ஓமந்தை மாதிரிக் கிடக்குது.
லொறியில வந்த ஒவ்வொரு மூட்டையையும்
இறக்கி, அவிழ்த்து, கைவிட்டுத் துழாவி
திரும்பக் கட்டி ஏத்தி விடுவினமே,
அப்பிடி.
மூட்டை அதேதான், எண்ணிக்கை சரிதான்.
வீட்டில பிரிச்சால்
அரிசிக்குள்ள சவர்க்கார வாசம்.

வினாடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு துண்டு:
வயலினை அப்பிடித்தான் வெட்டி வைச்சிருக்கு.
நடுவில நிக்கிற கலவைக்காரன்
அதை நாற்பத்தெட்டாயிரமாக்கி
ஆரோ அனுப்பின மெசேஜின்ர 'டிங்'கையும் அதுக்குள்ள போட்டு
தன்ர கையால ஒருக்கால் தடவி விடுறான்.
புதுசு அவனிட்டை நிக்காது.
முழுப் பாட்டையும் முதலில நினைவகத்தில ஏத்தி
மற்றதெல்லாத்தின்ர வாயையும் பொத்தி
வெட்டினது வெட்டினபடி
கொண்டுபோய்க் குடுக்கும்

எண்டு போட்டிருந்தது.
எனக்குக் கேட்டதோ எண்டால்,
காசு குடுத்த காது எல்லாத்தையும் கேக்கும்.

அதால பத்திநாதனைக் கூப்பிட்டன்.
பக்கத்துப் பட்டறை.
றோட்டால ஒரு மாசி போகேக்கையே
'மூண்டாவது இன்ஜெக்டர் அடைச்சிட்டுது' எண்டு
தலை நிமிராமல் சொல்லுற ஆள்.
கிறீஸ் கையோட வந்தான்,
ஸ்கிரீனுக்கு முதுகு காட்டி
பிளாஸ்ரிக் கதிரையில இருத்தினன்.
ரெண்டு ரூவாக் குத்தியைச் சுண்டி
தலையெண்டால் பழசு, பூவெண்டால் புதுசு.

பத்துக்கு ஒம்பது சரி!
மச்சாளுக்கு இப்பவே எழுதவேணும் எண்டு ஃபோனை எடுத்தன்.
வயலினில என்ன வித்தியாசம் கண்டனீ?
'வயலினோ? அதை ஆர் கேட்டது?
ஒண்டில பெட்டிக்குள்ள கிர்கிர் எண்டது
கொஞ்சத்தில நிண்டிடுது.
மற்றதில நிக்குதில்லை.'

ஹார்ட் டிஸ்க்.

பெட்டியைப் பின்னறைக்குக் கொண்டுபோய்
ஏ-நாலு பேப்பர்க் கட்டுகளுக்குப் பின்னால வைச்சு
நீள வயர் இழுத்து
திரும்பவும் பத்து.
அஞ்சு சரி.
குத்தி தானே சுண்டிச் சொன்னாலும்
அவ்வளவுதான் சொல்லியிருக்கும்.

அவன் எழும்பேல்லை.
'ரெண்டிலயும் ஒரு ங்ங்ங் கிடக்கு,
அதை ஏன் நீ கேக்கேல்லை?'
எந்த ங்ங்ங்?
கையை உயர்த்தினான். பொறுத்தன்.
ஓம்.
மூண்டு வருசமாய் இந்தக் கடையில
நான் பாட்டெண்டு கேட்ட எல்லாத்துக்கும் அடியில
சுவரில இருந்து வாற கரண்ட்
தானும் ஒரு சுருதி பிடிச்சுக்கொண்டு இருந்திருக்கு.

போய் நாகேசற்ற டிராக்டரின்ர பற்றரியைக்
கழட்டிக்கொண்டு வந்தான்.
நெஞ்சோட அணைச்சு, புள்ளையைத் தூக்கின மாதிரி.
பன்ரண்டு வோல்ற். எனக்குத் தெரியும்
என்ர சின்ன அம்பிளிஃபயருக்கும் அதுதான் வேணும்,
தெரிஞ்சும் ஒருநாளும் யோசிக்கேல்லை.
சுவர் பிளக்கைப் பிடுங்கி
முதலைக் கிளிப் ரெண்டையும் கவ்வவிட்டான்.
ஒரு சின்னப் பொறி. அசிட் மணம்.

பிறகு
வில்லு கம்பியில படமுதல்
ஆரோ மூச்சு இழுக்கிறது கேட்டது.
கதிரை ஒண்டு நகருது.
மேடையில இல்லை, கொஞ்சம் தள்ளி,
காலால தாளம் போட்டு
இடையில நிப்பாட்டிப்போட்ட ஒரு ஆள்.

'இப்ப ஓடுறது எது?' எண்டான்.
சுண்டின குத்தி மேசைக்குக் கீழ உருண்டிட்டுது.
குனிஞ்சு பாக்கலாம்.
பேப்பர்க் கட்டுக்குப் பின்னால போயும் பாக்கலாம்.

பாட்டு முடியக் கிளிப்பைக் கழட்டினான்.
'காலமை ஆறுக்கு நாகேசர் உழ வருவார்,
பற்றரி வண்டியில இருக்கவேணும்.'
புதுசு ஒண்டு என்ன விலை எண்டு கேட்டன்.
சொன்னான்.
முப்பத்தஞ்சு டொலரை மனசுக்குள்ள ரூவாயாய் மாத்திப் பாத்துக்கொண்டு
ஷட்டரை இழுத்து மூடினன்.
தெரு லைற்றுக்கும் ஒரு ங்ங்ங் இருந்தது.