எந்தப் பையில்

நாற்பத்து மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், வட்ஸ்அப்பில்.
ஏப்ரல் கடைசிச் சனி, காலை எட்டரை,
ஸ்காபரோவில், ஹைலண்ட் ஓடைக் கரையில்
வந்து நின்றவர்கள் பதினொரு பேர்.
அதில் கிரெய்க் நாயோடு நடக்க வந்தவர்.
அவருக்கும் ஒரு சோடிக் கையுறை கொடுத்தேன்.

மாநகரசபைக்கு ஐந்து கடிதம் எழுதி வாங்கிய அனுமதி
என் மேலங்கிப் பையில் நான்காய் மடிந்து கிடந்தது.
கையுறை எல்லாம் ஒரே அளவு:
எட்டு வயது ஆரணனுக்கு முழங்கை வரை,
பஸ் ஓட்டும் குலசேகரம் அண்ணைக்கு
விரலில் பாதி.

இரண்டு நிறப் பை.
நீலம், திரும்பி வரக்கூடியதற்கு.
கறுப்பு, வராததற்கு.
இரண்டு மொழியில் சொன்னேன்.
தமிழில் சொல்லும்போது மட்டும்
செத்தவீட்டுப் பேச்சுப் போலக் கேட்டது;
யாரோ சிரித்தார்கள்.

பனி போன பிறகு ஓடை
எதையும் மறைப்பதில்லை.
வெள்ளம் ஏறிய உயரத்துக்குக் கிளைகளில்
பிளாஸ்டிக் பைகள் தொங்கின,
நேர்த்திக்குக் கட்டிய துணிகள் போல.
கோப்பிக் கோப்பை, கோப்பி மூடி, மறுபடி கோப்பை.
கணக்கெடுக்க வந்த மரிசெல்
இருநூறோடு விட்டுவிட்டாள்.

சேற்றில் கவிழ்ந்து
சக்கரம் வானத்தைப் பார்க்க
கடைத் தள்ளுவண்டி ஒன்று.
இழுக்க ஆறு பேர்.
குலசேகரம் அண்ணை 'ஏலேலோ' தொடங்க
சொல் தெரியாமலே கிரெய்க் சுருதி பிடித்தார்.
வந்தது வண்டி, அதனோடு
பழுப்பு நிற நன்னீர் இறால் ஒன்றும்.
ஆரணன் அதை நீரில் விட்டான்.
"இப்ப அது எங்க படுக்கும்?"
ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பாலத்தடியில்தான் கண்டோம்.
முதலில் தேங்காய்ப் பாதி,
பிறகு சரிகைத் தாள்,
பிறகு கண்ணாடி வெடித்த சட்டத்துக்குள்
வள்ளி தெய்வானையோடு அவர்.
வேல் இருந்த இடத்தில் ஈரம் ஏறி
ஊதா பரவியிருந்தது.
தேடத் தேட வந்தார்கள்:
எல்லாமாக ஐந்து முருகன், ஒரு லட்சுமி,
தும்பிக்கை போன பிள்ளையார்.

மரிசெல் என்னைப் பார்த்தாள்.
எந்தப் பையில்?
சட்டம் மரம், முகப்பு கண்ணாடி, படம் காகிதம்;
மாநகரசபையின் அட்டவணையில்
அவருக்கென்று நிரல் இல்லை.
குலசேகரம் அண்ணை கையுறையைக் கழற்றினார்.
யாரும் கறுப்பை விரிக்கவில்லை,
நீலத்தையும்.

"ஆர் இப்பிடிச் செய்யிறது?" என்றா மங்களா அக்கா.
"ஓடுற தண்ணியில விட்டால்
நேர கடலுக்குப் போயிடும் எண்ட நினைப்பு."
நான் குனிந்து பூட்ஸ் நாடாவைக் கட்டினேன்.
றப்பர் பூட்ஸ்.
அதற்கு நாடா இல்லை.

மூன்று வருடத்துக்கு முன், நவம்பர்,
வீடு மாறுகிற கிழமை.
அம்மாவின் படங்களில் பூஞ்சணம் பிடித்த ஒன்று.
குப்பையில் போட மனம் வரவில்லை.
இரவு பத்தரைக்கு இதே பாலத்தில் நின்று
கையை விட்டேன்.
விழுந்த சத்தம் வருமுன்னே நடந்தேன்.
தண்ணீர் எடுத்துக்கொண்டது என்று நம்ப
அவ்வளவு போதுமாயிருந்தது.

இது அதுதானா, தெரியாது.
எல்லா வீட்டிலும் ஒரே அச்சு.
பின்பக்கம் அம்மா நாள் குறித்து வைத்திருப்பா.
திருப்பிப் பார்க்கவில்லை.
கழுத்துத் துணியால் முன்பக்கத்தை மட்டும் துடைத்தேன்.

பன்னிரண்டுக்கு லொறி வந்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ என்று எழுதி
கையொப்பம் கேட்டான் பெடியன்.
இட்டேன்.
அந்த எடையில் சேராத ஏழு பேர்
என் காரின் பின்பெட்டியில்,
பழைய துவாயில் சுற்றி.

இன்று புதன்.
ஒவ்வொரு வேகத்தடையிலும்
பின்னால் கண்ணாடி மெல்லக் கிலுங்குகிறது.
கோயிலில் கேட்டேன்; இடமில்லையாம்.
வேலையில் மதிய இடைவேளைக்கு
ஒரு அறிவித்தல் எழுதினேன்:
'பழைய சாமிப் படங்களை ஓடையில் விடாதீர்கள்.
என்னிடம் தாருங்கள்.'
கீழே வீட்டு முகவரி.

இன்னும் அனுப்பவில்லை.
வெள்ளிக்கிழமை
மழை என்கிறார்கள்.