சுருட்டிப் பார்த்தல்

எனாமல் முதல் நாள் பளபளத்தது.
சுருட்டி விரித்ததும்
கோல்கீப்பர் கிளமென்ட்டின் கன்னத்தில்
எண்ணூர்ச் சேறு காய்ந்தாற்போல் வெடிப்பு.

சுவருக்கு வாங்கிய அக்ரிலிக்
நகம் பட்டதும் தோலாய் உரிந்தது.
என் நைட்டியில் தெறித்த துளி மட்டும்
ஆறு துவைப்புக்கும் அசையவில்லை.

வியாசர்பாடிப் பசங்களின் பேனர்.
மாட்ச் முடிந்ததும் சுருட்டி
ஷேர் ஆட்டோ சீட்டுக்கடியில் திணிப்பார்கள்,
மழை வந்தால் தலைக்குப் பிடிப்பார்கள்.
"ஒரு சீசன் தாங்கணும்க்கா.
கைல இவ்ளோதான் துட்டு."

ஃப்ளெக்ஸின் எண்ணெய்ப் பிசுக்கை
ஸ்பிரிட்டில் துடைத்து
நான்கு துண்டில் நான்கு மை,
ஏர்பிரஷ்ஷால் மெல்லிசாக மூன்று பூச்சு.
காசிமேட்டில் தேசப்பன் படகுக் கயிற்றில்
கட்டிவிட்டேன்.
உப்பும் வெயிலும் இருபது நாள்
பார்த்துக்கொள்ளட்டும்.

திரும்பி வந்தவை மூன்று.
இரண்டு வெளுத்துப் பிணமாயிருந்தன.
வினைல் மை மட்டும்,
நெடி தலையைச் சுற்றினாலும்,
மடித்தால் மடங்கி
விட்டால் நிமிர்ந்தது.
அதையே வாங்கினேன். கிளமென்ட் சிரிக்கிறான்.

நான்காவது என் சொந்தக் கலவை.
ஐஸ் பெட்டிக்கு மூடியாக்கிவிட்டானாம் தேசப்பன்.
"ஷோக்கா கீதும்மா, தரமாட்டேன்."

எதில் எத்தனை சொட்டு என்று
நோட்டைப் பிரிக்கிறேன்.
மீன்தண்ணி பட்டு
அந்தப் பக்கம் மட்டும்
நீலமாய்க் கரைந்திருக்கிறது.