இருபத்தொரு நாள்

கரண்ட் திரும்பி வந்து
ரவுட்டரில் பச்சை பிடிக்க
பக்கங்கள் ஒவ்வொன்றாய் இறங்கின, மொத்தம் பதினொன்று.
ஈஸ்ட்ஹாமில் அத்தான் பின்வளவில் கட்டிய அறையைப்பற்றி
கவுன்சில் எழுதிய கடிதம்.
"நீ கனகசூரியம் சேவையரிட்டப் படம் கீறுறனி,
உனக்கு விளங்கும்தானே."

ஒட்டுசுட்டானிலிருந்து விளங்கப் பார்க்கிறேன்.

'கேர்ட்டிலேஜ்' என்றொரு சொல்.
அகராதி திணறுகிறது.
வீட்டோடு ஒட்டிய நிலம்,
வீட்டின் சொல் கேட்கிற நிலம்.
வளவு என்று எழுதினேன்.
கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

'பயன்பாட்டு மாற்றம்':
சைக்கிள் வைக்கக் கட்டியதில்
ஆள் படுத்தால் அதற்கு வேறு அனுமதி.
படுக்கிற ஆள் யார் என்று நான் கேட்கவில்லை,
வாடகை எவ்வளவு என்றும்.
எங்கள் பள்ளிக்கூடம் முகாமாகி, ஆஸ்பத்திரியாகி
மறுபடி பள்ளிக்கூடமானது.
எவரும் படிவம் நிரப்பியதாய் ஞாபகமில்லை.

'வெளிச்சத்துக்கான உரிமை':
மிஸிஸ் ஹாலண்டின் குசினி யன்னலால்
இருபது வருடம் வந்துபோன வெயில்
இனி அவளுடைய சொத்து.
இங்கே சித்திரை. பாலைமரத்துக்குக் கீழும் எரிக்கிறது.
இரண்டு பரப்பு வெயில் அனுப்பட்டா என்றேன்.
அத்தான் சிரிக்கவில்லை.

'பத்து வருடம்':
எவரும் தடுக்காமல் பத்து வருடம் நின்றால்
பிழையாய்க் கட்டியதும் சரியாகிவிடும்.
அத்தானின் அறைக்கு ஒன்பது வருடம், ஏழு மாதம்.
ஃபோனில் நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.

பிறகு எட்டாம் பக்கம்.
இனியாவது விண்ணப்பித்தால்
விளக்குக்கம்பத்தில் ஒரு மஞ்சள் தாள் கட்டுவார்கள்.
தெருவால் போகிற எவரும்,
நாய் கூட்டிப்போகிற கிழவனும்,
இருபத்தொரு நாளுக்குள்
ஆட்சேபம் என்று எழுதலாம்.

அந்த வரியில் நின்றுவிட்டேன்.

எங்கள் மேட்டுக்காணி
போன மாசியில்
சீமெந்துக் கல்லோடு விடிந்தது.
வனத் திணைக்களத்தின் எழுத்து, கீழே ஒரு இலக்கம்.
நட்டவர்கள் கஜுமரங்களை எண்ணவில்லை.
கிணற்றுக்கட்டில் காய்ந்த என் சட்டையைக்கூடக்
காணவில்லைப் போலும்.
பெர்மிற்றோடு பிரதேச செயலகம் போனேன்.
நீங்கள் தொடர்ந்து இருக்கவில்லையே என்றார் உத்தியோகத்தர்.
இருக்கவில்லைத்தான்.
எங்கே இருந்தோம் என்று கேட்க
அவரிடம் படிவம் இல்லை.
காடு தொடர்ந்து இருந்தது.

அத்தானுக்கு எழுதினேன்:
அறையை இடிக்கச் சொல்லுவார்கள்,
மேன்முறையீட்டுக்குத் திகதி இருக்கு, தவறவிடாதேங்கோ.

கந்தோரில் மஞ்சள் மட்டை ஒன்று கிடந்தது.
காணியின் இலக்கம், பரப்பளவு, எல்லைகள் நாலும்,
வடக்கே வாய்க்கால், கிழக்கே இராசமலரின் காணி,
என் கையெழுத்தில், நேர்கோட்டில், மசிப்பேனையால்.
கீழே: ஆட்சேபம் உள்ள எவரும் எழுதலாம்.

எங்கள் ஒழுங்கையில் விளக்குக்கம்பம் இல்லை.
ஷொப்பிங் பைக்குள் போட்டுக்
கல்லிலேயே கட்டினேன்.

இன்று ஒன்பதாம் நாள்.
இராசமலர் கீழே தன் பெயரையும் எழுதியிருக்கிறாள்,
தன் காணி இலக்கத்தோடு.
அதற்குக் கீழே பென்சிலால் இன்னொன்று,
இன்னும் வாசிக்க முடியவில்லை.