சொன்னால் கேட்பதில்லை

மூன்றரை வயதில் ஒரு சோதனை உண்டு,
எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, பயப்பட ஒன்றுமில்லை
என்று கடிதமே சொன்னது.
படகில் என் முறை மாறி மாறி
நவம்பர்வரை தள்ளிப்போயிற்று.

மூஹு தீவின் சுகாதார நிலையத்தில்
ஈரக் காலணியைக் கழற்றி
கம்பளிக் காலுறை மாட்டிவிட்டேன்.
வில்லெம் எடை மேடையில் ஏறினான்,
இறங்கினான், மறுபடி ஏறினான்.
பதினைந்து கிலோ நானூறு.
சுவரோடு ஒட்டிய அளவுகோலில்
குதிகால் தூக்கி ஏமாற்றப் பார்த்தான்.
ஒற்றைக் காலில் நின்றான், கொக்கு தோற்கும்.
ஒன்பது மரக்கட்டைகளை அடுக்கி
பத்தாவதை என் சட்டைப்பையில் போட்டான்.
வட்டம் வரையச் சொன்னால்
வரைந்து, அதற்கொரு புகைபோக்கியும் வைத்தான்.

செவிலி ஹெல்யோ
ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டபடி
"வீட்டில் எப்படி?" என்றாள்.
"எல்லாம் சரிதான்.
என்ன, சொன்னால் கேட்பதில்லை."
சிரித்தேன். எல்லா அப்பன்களும் சொல்வதுதானே.

பேனா உருண்டு மேசைக்கடியில் போயிற்று.
குனிந்து தேடிக்கொண்டே கேட்டாள்:
"உங்கள் பூனைக்கு என்ன பேர்?"
அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"கேக்குறாங்க இல்ல, பதில் சொல்லு"
அதட்டினேன்.
நிமிர்ந்தாள். அதே கேள்வி.
"நுர்" என்றான் உடனே.
"அது கட்டில்ல மூத்திரம் போகும்."

பேனா கிடைத்தும் அவள் எழுதவில்லை.
வாய்க்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து
"மீன் எங்கே?" என்றாள்,
மேசையில் படங்கள் விரிந்துகிடந்தன.
வில்லெம் தலையைச் சாய்த்து
தாளின் ஓரமாக எட்டிப் பார்த்தான்,
அங்கே யாரோ மிட்டாய் ஒளித்ததுபோல.
அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.
மெல்ல: பனி. ரொட்டி. படகு.
படகு என்றதற்கு
நான்தான் திரும்பினேன்.

செவிப்பறைக்குப் பின்னால்
பிசின்போல நீர் தேங்கியிருக்கலாம்,
சளிக்காலத்தில் சகஜம், பெரும்பாலும் வடிந்துவிடும்,
வடியாவிட்டால் அரிசியில் பாதியளவு குழாய் ஒன்று,
குரெஸ்ஸாரே மருத்துவமனைக்குச் சீட்டு எழுதுகிறேன் என்று
அவள் சொல்லச் சொல்ல
என் காதில் ஒன்றும் ஏறவில்லை.

இயந்திர அறைக்குப் பக்கத்தில் பதினோரு வருடம்
கத்தியே பேசிப் பழகியவன் நான்.
வீட்டிலும் அப்படித்தான்,
அடுத்த அறையிலிருந்து, முதுகு காட்டியபடி,
மீன் செதில் சுரண்டிக்கொண்டே.
போன ஞாயிறு
பூட்ஸை எடுத்து வை என்று மூன்று தரம் சொல்லி
நாலாம் தரம் காதைத் திருகினேன்.
இடது காது. சிவந்துபோயிற்று.
அதே காதுக்குள்தான் சற்றுமுன்
அவள் சின்ன விளக்கைப் பிடித்துப் பார்த்தாள்.
அவன் கூச்சத்தில் தோளைத் தூக்கிச் சிரித்தான்.

திரும்பும் வழியில்
மழையா பனியா என்று தெரியாத ஒன்று.
பின்னிருக்கையில் அவன்.
கண்ணாடியில் பார்த்துப் பேச வாயெடுத்தவன்
ஜூனிப்பர் புதரோரம் வண்டியை நிறுத்தி,
பெல்ட்டை அவிழ்த்து, முழுசாகத் திரும்பி,
அவன் கண் என் உதட்டுக்கு வரும்வரை பொறுத்துக் கேட்டேன்:
"பசிக்குதா?"

"அப்பவே சொன்னேன்" என்றான்.
"நீதான் கேக்கல."