பூசணி என்று முடிவானது

மூன்று ஊரும் ஒரே ஞாயிற்றைப்
பிடித்துக்கொண்டன.

மலைமேல் செஸ்ட்நட் திருவிழா.
ஆற்றோரத்தில் பூசணி.
தூரத்து டவுனில் டிரஃபிள்;
மோந்து பார்க்கவே காசு கேட்பான்.

பீட்மாண்டில் மூடுபனி இறங்கிவிட்டது.
ஒர்னெல்லாவும் அக்கா நீவெஸும்
மூன்று நோட்டீஸையும் ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டி
காபி ஆறும்வரை நின்றார்கள்.

கடைசி பஸ் ஐந்து நாற்பது.
நீவெஸுக்கு முழங்கால்.
ஆகவே மலை வேண்டாம்
என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம் அக்கா.
"அங்கே எர்மேத்தே டூபா ஊதுவான்" என்றாள்.

ஒர்னெல்லா தலையாட்டினாள்.
விவாகரத்தாகி நாலு அக்டோபர் ஆயிற்று.
சரி, பூசணி.

அக்கா குளிக்கப் போனதும்
பூசணி நோட்டீஸின் அடியில்
பொடி எழுத்தைப் படித்தாள்:
பிற்பகல் மூன்று மணிக்கு
மலையூர் பேண்டு வாத்தியம்.

எலுமிச்சை வடிவக் காந்தத்தை
மெல்லக் கீழே இழுத்து
அந்த வரிமேல் வைத்தாள்.