நிறுத்தல்

கொழுப்பு இருநூற்று எழுபத்தொன்று.
"கறியை, நெய்யை நிறுத்துங்க" என்றார்
மஞ்சக்குப்பம் டாக்டர் ஷமீமா.
மீனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில்
இருபத்திரண்டு வருஷமாய் எனக்கு
நிறுத்துவதுதான் வேலை.
தட்டில் துள்ளும் கொடுவா
வால் அடங்கினால்தான் முள் நிற்கும்.

மச்சினன் தேசிங்கு பாலைக்கூட விட்டவன்.
எட்டு மாதத்தில் பேன்ட் தொளதொளத்தது,
சர்க்கரை மாத்திரை பாதியானது.
அப்புறம் பாதம் மரத்துப்போய்
பி பன்னிரண்டு ஊசிக்கு அலைந்தான்.
இரண்டையும் அவனேதான் சொன்னான்,
ஒரே மூச்சில்.

நேற்று வேதவல்லி
பண்ருட்டிப் பலாப்பிஞ்சைப் போட்டு
மீன்குழம்புக்குக் கரைக்கிற மாதிரியே புளி கரைத்தாள்.
முள் தேடி ஏமாந்தது நாக்கு.
பரவாயில்லை, சோறு இறங்கியது.
பாலில்லாத டீதான் இறங்கவில்லை.
எண் இறங்குமா,
மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

இன்று விடிகாலை, ஏலத்துக்கு முன்,
செதில் ஒட்டிய தராசில்
நானே ஏறி நின்றேன்.
"கிலோ என்ன விலைண்ணே?"
ஐஸ் உடைக்கிறவன் சிரித்தான்.

எழுபத்தெட்டுக்கும் எண்பதுக்கும் நடுவே
முள் ஆடிக்கொண்டிருந்தது.